பராமரிப்போர் பயிலவேண்டிய பாடம்

(மன்றத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டுவிழா மேடையேறுவோர் சமயத்தின் பெருமையையோ தமிழின் தொன்மையையோ எடுத்துப் பேசுதல் வழக்கம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய அணிகலன்கள் பூண்டதன்று. ஆஸ்பத்திரி வாங்கிலே காத்திருக்கும் ஒரு தாயைப் பற்றியது. அவள் மடியிலே சாய்ந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றியது. அப்பிள்ளைக்குப் பணிசெய்வோர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்பதைப் பற்றியது. ஆயினும் இது சமயத்துக்குப் புறம்பான பொருளன்று என்பதை உரையின் இறுதியிலே நீங்களே ஒப்புக்கொள்வீர்கள் என நம்புகிறோம்.

முதலில் நடந்த ஒன்றைக் கூறுகிறோம். படுவான்கரைத் தாய் ஒருவர், பதினொரு வயது மகனை அழைத்துக்கொண்டு, விடியுமுன்னே பாதையேறி வாவியைக் கடந்து, பின் பஸ் பிடித்து, எழுவான்கரையில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மகனுக்கு ஓட்டிசம், வாய்திறந்து பேசுவதில்லை. மூன்று நாளாகச் சுவரிலே தலையை மோதிக்கொண்டிருந்தான், சோறு தொடவில்லை, உறங்கவுமில்லை. வரிசையிலே நெடுநேரம் இருந்தார்கள். மின்விசிறியின் இரைச்சல், பெயர் கூப்பிடும் சத்தம், முண்டியடிக்கும் சனம் எல்லாம் சேர, பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினான். அருகில் இருந்தோர் எழுந்து தள்ளிப்போனார்கள். முறை வந்து உள்ளே போனபோது, "இப்படியான பிள்ளைகள் இப்படித்தான் செய்யும்" என்று சொல்லி, அமைதிப்படுத்த ஒரு மருந்தை எழுதி அனுப்பிவிட்டார்கள். வாயைத் திறந்து பார்த்தவர் ஒருவருமில்லை. ஆறு நாள் கழித்துக் கன்னம் வீங்கிய பிறகு வேறோர் இடத்திலே பார்த்தபோது, கடைவாய்ப் பல்லின் அடியிலே சீழ் கட்டியிருந்தது.

அந்தத் தாய் எம்மிடம் சொன்ன வார்த்தை இது: "எண்ட புள்ளைக்குப் பல்லுக்குத்து மனே. அவனுக்குச் சொல்ல ஏலா. சொல்ல ஏலாதவனுக்கு நோகாதா?"

எவரையும் குற்றக்கூண்டில் ஏற்றுதற்காக யாம் இதைக் கூறவில்லை. அன்று அந்த அறையிலே இருந்தோர் கொடியவர்கள் அல்லர். களைத்துப்போனவர்கள், அதற்கு மேலாக, இந்த ஒன்றை எவரும் கற்றுக்கொடுக்காதவர்கள். நல்ல மனமும் நல்ல படிப்பும் இருந்தும், கற்றுக்கொடுக்கப்படாத ஒன்றால் ஒரு பிள்ளை ஆறு நாள் துடித்தது. எமது பேச்சின் கரு இதுவே.

இனி, சொற்களைச் சிறிது தெளிவுபடுத்துவோம். அறிவுசார் இயலாமை என்பது, விளங்கிக்கொள்ளுதலும் புதியவற்றைக் கற்றலும் அன்றாட அலுவல்களைத் தானே செய்தலும் சிறுவயது முதலே கடினமாக இருக்கும் நிலை. பிரித்தானியர் இதனையே 'கற்றல் இயலாமை' என வழங்குவர். நம் ஊரிலே 'மந்தம்' என்றும் இன்னும் வாய்கூசும் சொற்களாலும் வழங்கப்பட்டது. ஓட்டிசம் என்பது வேறு. பிறரோடு உறவாடுதல், பேச்சு, ஒலி ஒளி தொடுகை ஆகியவற்றை உணரும் விதம் ஆகியன வேறுபட்டு அமைந்த மூளை வளர்ச்சி அது. இவ்விரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்தும் இருக்கலாம், தனித்தும் இருக்கலாம். ஓட்டிசம் உடையோருள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றோரும் உளர். ஒரு சொல்லும் பேசாதோரும் உளர்.

1943ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் லியோ கானர் என்னும் வைத்தியர் பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையோடுதான் ஓட்டிசம் என்பது மருத்துவ உலகிலே தனியாக அறியப்பட்டது. அடுத்த ஆண்டு வியன்னாவிலே ஹான்ஸ் அஸ்பேர்கர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதன் பின் பல ஆண்டுகள் தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று மேல்நாட்டு அறிஞர் சிலர் பழிசுமத்தினர். அது பொய்யென்று தெளிவாயிற்று. 1998இலே தடுப்பூசியே காரணம் என்று ஒரு கட்டுரை வந்தது. அதுவும் தவறென்று கண்டு, வெளியிட்ட சஞ்சிகையே 2010இல் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மேல்நாட்டார் தாயையும் ஊசியையும் பழித்த காலத்திலே நாம் பேயையும் முன்வினையையும் பழித்துக்கொண்டிருந்தோம். பெற்ற வயிறு எரிந்தது இரு திசையிலும் ஒன்றே.

நமது நாட்டிலே இத்தகையோர் எத்தனை பேர் என்று கேட்பீர்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ளோரில் 8.7 வீதத்தினர், அதாவது ஏறத்தாழ பதினாறு இலட்சம் பேர், ஏதோ ஒருவகை இயலாமையோடு வாழ்ந்தனர். ஓட்டிசத்தைப் பொறுத்தவரை, ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குட்பட்ட 374 பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று, 93 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அளவைக் கண்டது. அது சிறிய ஆய்வுதான். ஆயினும் ஒரு பெரிய கிராமத்திலே ஒரு பிள்ளையும் இல்லை என்று எவரும் சொல்லிவிட முடியாது என்பதை அது காட்டுகின்றது. பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டின் உட்புறத்திலே இருக்கிறார்கள்.

அந்தப் படுவான்கரைச் சிறுவனுக்கு நேர்ந்தது உலகெங்கும் நேர்வதுதான். நோயாளியின் உடம்பிலே தோன்றும் புதிய அறிகுறி எதனையும் அவருடைய இயலாமையின் கணக்கிலே எழுதிவிடுவது இது. ஒரு பெரிய மரத்தின் நிழல் சிறு செடியை மறைப்பதுபோல, இயலாமையின் நிழல் நோயை மறைத்துவிடுகின்றது. 2007இலே பிரித்தானியாவில் மென்கப் என்னும் அமைப்பு, கற்றல் இயலாமை உடைய ஆறு பேர் அரசாங்க மருத்துவப் பராமரிப்பிலே இறந்த கதையை வெளியிட்டது. அவர்களுள் ஒருவர் பக்கவாதத்தால் விழுங்க இயலாதிருந்து, 26 நாள் உணவின்றிக் கிடந்து இறந்தார். செல்வம் மிக்க நாட்டிலே, தாதியரும் வைத்தியரும் நிறைந்த இடத்திலே இது நடந்தது. ஆகவே குறை பணத்திலே மாத்திரம் இல்லை.

அதே நாட்டிலே ஒலிவர் மக்கோவன் என்னும் பதினெட்டு வயது இளைஞன் இருந்தான். இலேசான கற்றல் இயலாமை, ஓட்டிசம், வலிப்பு ஆகியன அவனுக்கு இருந்தன. வலிப்பு மிகுந்து பிறிஸ்ரல் நகரத்து வைத்தியசாலை ஒன்றிலே சேர்க்கப்பட்டபோது, உளநோய்க்குரிய மருந்துவகை தனக்கு ஒத்துவராது என்று அவனும் சொன்னான், பெற்றோரும் சொன்னார்கள். சொல்லியும் அத்தகைய மருந்து கொடுக்கப்பட்டது. மூளை வீங்கி, 2016 நவம்பர் மாதத்திலே அவன் இறந்தான். அந்த மரணம் தவிர்த்திருக்கக் கூடியது என்று 2020இல் வெளியான சுதந்திர மீளாய்வு கூறிற்று.

மகனை இழந்த தாய் போலா மக்கோவன், அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கோரிக்கையை எழுப்பினார். வைத்தியர், தாதியர் முதல் வரவேற்பு மேசையில் இருப்பவர் வரை, சுகாதாரப் பணியிலும் பராமரிப்புப் பணியிலும் உள்ள ஒவ்வொருவரும் கற்றல் இயலாமை பற்றியும் ஓட்டிசம் பற்றியும் கட்டாயம் பயிலவேண்டும் என்பதே அது. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். 2018இலே பாராளுமன்றத்திலே விவாதிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுச் சுகாதார, பராமரிப்புச் சட்டத்தின் வழியாக இங்கிலாந்திலே அது கடமையாயிற்று. அரசு வகுத்த பயிற்சிக்கு அந்த மகனின் பெயரையே இட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான முதற்படி ஒன்று. நேரடியாகப் பராமரிப்போருக்கு முழுநாள் நேர்முகப் பயிற்சியோடு கூடிய இரண்டாம் படி ஒன்று.

அந்தப் பயிற்சியிலே யாம் வியந்தது அதன் சட்டத்தையன்று, அதன் ஆசிரியர்களை. அங்கே வகுப்பை நடத்த மூவர் நிற்கிறார்கள். ஒருவர் பயிற்றுநர். மற்றொருவர் கற்றல் இயலாமை உடையவர். மூன்றாமவர் ஓட்டிசம் உடையவர். யாரைப் பற்றிப் பாடமோ அவரே ஆசிரியராய் முன்னே நிற்கிறார். இதன் அருமையை யாம் ஏட்டிலே படித்து உணரவில்லை, அடிபட்டே உணர்ந்தோம். அதனையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம்.

யாம் மாணவர் சிலர் சேர்ந்து, ஆஸ்பத்திரி ஊழியருக்கும் பராமரிப்பு இல்ல ஊழியருக்கும் ஒருநாட் பயிற்சி நடத்த முனைந்தோம். இரவு பகலாய் இருந்து நாற்பது படங்கள் தயாரித்தோம். வரைவிலக்கணம், வகைகள், விஞ்ஞானிகளின் பெயர்கள் எல்லாம் இருந்தன. வந்தோர் அமைதியாய்க் கேட்டனர், தேநீர் அருந்தினர், நன்றியுரை கூறினர், போயினர். யாம் மிகுந்த பெருமிதத்தோடு, முன்னே குறிப்பிட்ட அந்தத் தாயிடம் போய் இதனைச் சொன்னோம். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "எண்ட மகனப் பத்தித்தான் கதைச்சிருக்கீங்க. அவனக் கூப்பிட்டீங்களா மனே?" என்றார்.

யாம் வாயடைத்து நின்றோம். அவனை அழைக்கவில்லை. அவரையும் அழைக்கவில்லை. அழைக்கவேண்டும் என்ற நினைவே எமக்கு எழவில்லை.

இரண்டாம் முறை வேறுவிதமாய்ச் செய்தோம். அந்தத் தாயே முன்னின்றார். மகனும் வந்து, தகப்பனாரின் வலைமிதப்புகளை ஒரு மூலையிலே வரிசையாய் அடுக்கிக்கொண்டு, இருபது நிமிடம்வரை இருந்தான். மகனுக்கு எங்கே நோகின்றது என்பதைத் தாம் எவ்வாறு கண்டுபிடிக்கிறார் என்று தாய் காட்டினார். வயிறு நொந்தால் முழங்காலை மடக்குவான். காது நொந்தால் ஒரு பக்கமாய்ப் படுப்பான். பசி என்றால் சட்டை நுனியைக் கடிப்பான். எந்த நூலிலும் இல்லாத அந்த அகராதியை ஊழியர்கள் கொப்பிகளிலே எழுதிக்கொண்டார்கள்.

அவரோடு அறிவுசார் இயலாமை உடைய இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். மெதுவாகப் பேசுபவர். "ஆஸ்பத்திரிக்குப் போனா எல்லாரும் அம்மாட்டக் கேக்காங்க. நான் இங்கதானே இருக்கன். எனக்குத்தானே நோகுது" என்றார். அவ்வளவுதான் அவருடைய விரிவுரை. எமது நாற்பது படங்களும் செய்யாததை அந்த மூன்று வசனங்கள் செய்துவிட்டன. பின்வரிசையில் இருந்த வயது முதிர்ந்த சிற்றூழியர் ஒருவர் எழுந்து, ஊசி போடுவதற்காக ஒரு பொடியனைக் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்த நாளை நினைவுகூர்ந்தார். "உதவி செய்யிறன் எண்டுதான் நினைச்சன். அவன் அதுக்குப் பிறகு வரவேயில்ல" என்று சொல்லி இருந்துவிட்டார். சிறிது நேரம் மண்டபத்திலே ஒரு சத்தமும் இல்லை.

அந்த நாளிலே பயின்றவை என்ன என்று கேட்பீர்களாயின், அவை மிக எளியவை. முதலாவது, நோயாளியோடு நேரே பேசுதல்; துணைக்கு வந்தவரோடு பேசுதல் அதன் பின்னரே. இரண்டாவது, ஒரு வேளையில் ஒரு கேள்வியே கேட்டல். மூன்றாவது, கேட்டபின் மனத்துக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருத்தல். ஒத்திகை பார்த்தபோது எல்லோரும் நாலிலேயே வாயைத் திறந்துவிட்டார்கள்! நான்காவது, செய்யப்போவதை முன்னே காட்டுதல். ஊசியைக் காட்டி, படத்தைக் காட்டி, வேண்டுமானால் தம் கையிலேயே தொட்டுக் காட்டி, பின் செய்தல். ஐந்தாவது, இரைச்சல் குறைந்த ஓர் இடத்தையும் வரிசையிலே முன்னுரிமையையும் கொடுத்தல். ஆறாவது, நடத்தையிலே திடீர் மாற்றம் கண்டால் முதலில் நோவைத் தேடுதல்: பல், காது, வயிறு, மலச்சிக்கல், சிறுநீர். இவற்றைப் பார்த்து முடிக்கும் முன்னே 'இவன் இப்படித்தான்' என்று எழுதாதிருத்தல். இந்த ஆறாவதை அன்று ஒருவர் அறிந்திருந்தால் படுவான்கரைப் பிள்ளையின் ஆறு நாள் மிஞ்சியிருக்கும்.

இவை ஏதோ அந்நியர் சரக்கு என்று எண்ணற்க. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமை உடையோரின் உரிமைகளைக் காக்க நமது பாராளுமன்றம் இயற்றியதே. இயலாமை உடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அச்சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, ஏனையோருக்குக் கிடைக்கும் அதே தரத்திலான மருத்துவம் இவர்களுக்கும் கிடைக்கவேண்டும் என்றும், அதற்காகச் சுகாதாரப் பணியாளர்க்குப் பயிற்சி அளிக்கவேண்டும் என்றும் விதிக்கின்றது. தமிழகத்திலே வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார், பிள்ளையோடு பெற்றோரையும் தங்கவைத்து அவர்களையே பயிற்றும் முறையைக் கையாண்டு வந்துள்ளனர். உலக சுகாதார நிறுவனமும், நிபுணர் அல்லாத தாதியரும் ஆசிரியரும் சமூகப் பணியாளரும் பெற்றோருக்குக் கற்பிக்கத்தக்க ஒரு பாடநெறியை வகுத்துள்ளது. ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று வீட்டுத் தரிசிப்புகளுமே அதன் அளவு. நிபுணர் வரும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

இனிச் சமயத்துக்கு வருவோம். 'அவன் வினை, அவன் அனுபவிக்கிறான்' என்று நம்மவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வினைக்கொள்கையின் நுட்பத்தை ஆராயும் புலமை எமக்கில்லை. ஆயின் ஒன்று மாத்திரம் தெரியும். பல்லிலே சீழ் கட்டியவனுடைய வினையைக் கணக்குப் பார்க்கும் வேலை நமக்கு இடப்படவில்லை; வாயைத் திறந்து பார்க்கும் வேலையே நமக்கு இடப்பட்டது. அதனைச் செய்யாது விடுதல் நம்முடைய வினையாகும். அதற்கு நாமே பொறுப்பு.

மிஷன் பாடசாலையிலே பயின்ற காலத்தில் நல்ல சமாரியன் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறோம். கள்வரால் அடிபட்டு வழியிலே கிடந்தவனைப் பெரியோர் இருவர் கண்டும் காணாமற் போக, அந்நியன் ஒருவன் காயங்கட்டி, சத்திரத்திலே சேர்த்து, சத்திரக்காரன் கையிலே இரண்டு காசு கொடுத்துப் போனான். எல்லோரும் சமாரியனைப் போற்றுவர். ஆனால் அவன் மறுநாள் போய்விட்டான். போனபின் அந்தக் காயத்தைக் கழுவியவன் யார்? இரவிலே தண்ணீர் கொடுத்தவன் யார்? சத்திரக்காரன் அல்லவா? அவனுக்கு அந்தப் பணியைக் கற்றுக்கொடுத்தவர் யார்? நமது தாதியரும் சிற்றூழியரும் பராமரிப்பு இல்லத்துப் பெண்களும் அந்தச் சத்திரக்காரர்களே. அவர்கள் கையிலே காசு கொடுத்தாற் போதாது, அறிவும் கொடுக்கவேண்டும்.

1892இலே காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரி என்னும் மிஷன் பாடசாலையிலே பயின்றவரே. பின்னர் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டு, 1929இலே கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். சீவனைச் சிவனாகக் கண்டு தொண்டுசெய்தல் என்பதே அவர் சார்ந்த நெறி. இரக்கம் என்பது மேலிருந்து கீழே பார்ப்பது. தொண்டு என்பது கீழிருந்து மேலே பார்ப்பது. பேசாத பிள்ளையின் முன்னே முழங்காலிட்டு அவன் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கும் தாதி, அந்த நெறியைத் தன்னையறியாமலே கைக்கொள்கிறாள்.

இறுதியாக, மன்றத்தாருக்கு நான்கு வேண்டுகோள்கள்.

ஒன்று: நம் இளைஞர்கள் வீடுவீடாய்ச் சென்று, இத்தகைய பிள்ளைகளும் பெரியவர்களும் உள்ள குடும்பங்களில், 'என்னைப் பற்றி' என்று ஒரு தாள் எழுதிக் கொடுப்போம். என்ன பெயர் சொல்லி அழைப்பது, நொந்தால் என்ன செய்வார், எதற்கு அஞ்சுவார், எந்த மருந்து ஒத்துவராது என்பன அதில் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அத்தாள் அவருக்காகப் பேசும்.

இரண்டு: ஆண்டுக்கு ஒருமுறையேனும் பணியாளர் பயிற்சி ஒன்றுக்கு மன்றம் துணைநிற்கட்டும். அதிலே இயலாமை உடையவரும் தாய்மாரும் ஆசிரியராய் நிற்கவேண்டும். அவர்களுக்குப் பொன்னாடை வேண்டாம். பஸ் செலவும் அன்றைய கூலியும் கொடுக்கவேண்டும்.

மூன்று: வைகாசியிலே கண்ணகை அம்மன் சடங்கு நடைபெறும் நாட்களில், ஒலிபெருக்கியும் வெடியும் இல்லாத ஒரு மணி நேரத்தை ஒதுக்குமாறு கோயில் வண்ணக்கர்மாரைக் கேட்போம். காதைப் பொத்திக்கொண்டு வாசலோடு திரும்பிய பிள்ளைகளும் அம்மாளின் முகத்தைப் பார்க்கட்டும்.

நான்கு: 'இந்தப் புள்ள இப்படித்தான்' என்ற சொல்லை இன்றோடு நம் நாவிலிருந்து எடுத்துவிடுவோம். அதற்குப் பதிலாக, 'இந்தப் பிள்ளை என்ன சொல்லுது?' என்று கேட்கப் பழகுவோம்.

அந்தச் சிறுவன் இன்று நலமாயிருக்கிறான். ஆயினும் வெள்ளைச் சட்டையைக் கண்டால் இன்னும் தாயின் பின்னே ஒளிகிறான். அந்த அச்சத்தை நீக்குதல் மருந்தாலாவதன்று. அடுத்த முறை பாதையேறி அவன் இக்கரைக்கு வரும்போது, அவனுக்காகப் பத்துவரை எண்ணிக் காத்திருக்கும் ஒருவர் இங்கே இருக்கவேண்டும். அந்த ஒருவரை உருவாக்குவது நம் எல்லோருடைய கடமை.